பேர் இல்லாத பட்டியலும் ஒரு கை இல்லாத பேத்தியும்

1850-ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கம் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது அடிமைகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட்டது. 1860-லும் அதேபோல் போட்டது. அந்தப் பட்டியலில் முதலில் வருவது ஆண்டையின் பெயர். அதற்குக் கீழே அவனுக்குச் சொந்தமான ஆட்கள்: வயசு, ஆணா பெண்ணா, நிறம் என்ன. ஓடிப்போனவனா, குருடா, செவிடா என்றெல்லாம் கேட்டுக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெயர் எழுதுவதற்குக் கட்டம் இல்லை. வெகு சில இடங்கள் தவிர மற்றெங்கும் வெறும் வயசும் நிறமும்தான். 1860-ல் அப்படி எண்ணப்பட்டவர்கள் சுமார் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். விடுதலைக்குப் பிறகு, 1870 கணக்கெடுப்பில்தான் இந்த மக்கள் எல்லோரும் முதல்முறையாகப் பேரோடு எழுதப்படுகிறார்கள். இன்றைக்கும் கறுப்பின மக்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடிப் போனால் 1870 வரைக்கும் போய் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு அவர்கள் '1870 சுவர்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சுவர் நமக்குப் புதுசில்லை. என் தாத்தாவின் பேர் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா பேர் எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பட்டா இருந்தால் பேர் இருந்திருக்கும், நிலம் இருந்தால் பட்டா இருந்திருக்கும். எங்க தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதிகூட வாத்தியார் போட்டதுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு. ஜூன் மாசத்தில் பள்ளிக்கூடம் திறந்தால் அதற்குத் தோதாக ஒரு தேதி. தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பேத்தி என்றால் பெயர்த்தி. பாட்டன் பாட்டி பேரைத் தாங்கி வருகிறவர்கள் என்று அர்த்தம். பாட்டன் பேரே தொலைந்துபோன வம்சத்தில் பேரன் எதைத் தாங்குவான்?

இந்தக் கேள்வியை ஒரு நாவலாக எழுதியவர் ஆக்டேவியா பட்லர். 1979-ல் வெளிவந்த அந்த நாவலின் பேர் 'கிண்ட்ரெட்'. இரத்த சொந்தம், ஒரு கொடிவழி என்று நம்ம பாஷையில் சொல்லலாம். பட்லர் 1947-ல் கலிபோர்னியாவில் பாசடீனாவில் பிறந்தார். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைக்காரியாக இருந்து மகளை வளர்த்தார். அந்த வீடுகளுக்கு அம்மாவோடு பின்வாசல் வழியாகப் போய்வந்த பிள்ளைதான் பின்னாளில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களில் முதல் ஆளாக, 1995-ல், மக்கார்தர் நல்கையைப் பெற்றார். 2006-ல் காலமானார்.

இந்த நாவல் எங்கிருந்து வந்தது என்பதைப் பட்லரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1960-களில் கல்லூரியில் அவரோடு ஒரு கறுப்பின இளைஞன் இருந்தான். கறுப்பு வரலாறு நிறையத் தெரிந்தவன், கறுப்பு அதிகாரம் பேசியவன். நம்மை இவ்வளவு காலம் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் கிழடுகளையெல்லாம் கொன்று தீர்க்கலாம் போலிருக்கிறது, ஆனால் என் அப்பா அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்குமே என்கிற மாதிரி அவன் பேசினான். பட்லருக்குச் சுருக்கென்றது. அவர் அம்மா பின்வாசலில் வாங்கிக்கொண்ட அவமானத்தில்தான் மகளுக்குச் சோறு வந்தது. அந்தப் பையனுக்கு வரலாறு தெரியும், ஆனால் அதைத் தன் உடம்பில் உணரவில்லை என்று அவருக்குப் பட்டது. இந்தக் காலத்து ஆள் ஒருத்தரை அப்படியே தூக்கி அந்தக் காலத்தில் போட்டால் எத்தனை நாள் தாங்குவார்? நாவல் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

நம் பக்கமும் இந்தப் பேச்சு கேட்டதுதான். 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த எழுச்சியில் நம்ம இளைஞர்கள் முதலில் கோபப்பட்டது ஆதிக்கச் சாதிக்காரனிடம் மட்டுமில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சாமி' என்று நின்ற சொந்தத் தாத்தாவிடமும்தான். 'இதுங்க கைகட்டி நின்னதாலதான் நாம இப்படி இருக்கோம்.' அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தோடு பட்லரைப் படிக்க வேண்டும்.

கதை இரண்டு காலத்தில் நடக்கிறது. ஒன்று 1976 ஜூன், ஜூலை, கலிபோர்னியா. டானா என்கிற இருபத்தாறு வயசுக் கறுப்புப் பெண் எழுத்தாளர், கெவின் என்கிற வெள்ளைக்கார எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொண்டு புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறாள். இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டது தினக்கூலி ஆள்பிடிக்கிற ஓர் ஏஜென்சி மூலமாக. அங்கே வருகிறவர்கள் அதை 'அடிமைச் சந்தை' என்றுதான் சொல்லுவார்கள். இன்னொன்று 1810-களில் தொடங்கி 1830-களின் ஆரம்பம் வரை, மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரை. ஒருநாள் தலை சுற்றி விழுந்த டானா கண் விழிப்பது ஆற்றங்கரையில். தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனை இழுத்துக் காப்பாற்றுகிறாள். அவன் பேர் ரூஃபஸ் வேலின், பண்ணை முதலாளி மகன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவளை அந்தக் காலம் இழுத்துக்கொள்கிறது. அவள் உயிருக்கு ஆபத்து வந்தால் திரும்பி வருகிறாள். இப்படி ஆறு முறை. எப்படி, எந்த இயந்திரத்தில் என்றெல்லாம் பட்லர் விளக்கவில்லை, அதில் அவருக்கு அக்கறையும் இல்லை.

டானாவின் குடும்பத்தில் ஒரு பழைய பைபிள் உண்டு. அதில் முன்னோர் பேர்களை எழுத ஆரம்பித்தவள் ஹேகார் வேலின், 1831-ல் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் பேர் ரூஃபஸ் வேலின், ஆலிஸ் கிரீன்வுட். இதைத் தவிர டானாவுக்கு ஒன்றும் தெரியாது. ரூஃபஸ் வெள்ளைக்காரன் என்பதை யாருமே அவளுக்குச் சொன்னதில்லை. தான் காப்பாற்றிய பையன்தான் தன் பூட்டனுக்குப் பூட்டன் முறை, இவனைச் சாகவிட்டால் தான் பிறக்கப்போவதே இல்லை என்று புரியும்போது கதையின் முடிச்சு விழுகிறது.

இந்த இடத்தைப் பட்லர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. நாவலுக்காக அவர் மேரிலாந்துக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் பண்ணையையும் பார்த்தார். அங்கே சுற்றிக்காட்டியவர்கள் அந்தக் காலத்தில் அடிமைகள் என்ற வார்த்தையே சொல்லாமல் 'வேலையாட்கள்' என்று சொல்லிச் சமாளித்ததாகப் பின்னால் சொன்னார். மேரிலாந்தில் 1830-ல் சுமார் ஒரு லட்சம் அடிமைகள் இருந்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுதந்திரக் கறுப்பர்களும் இருந்தார்கள். வடக்கே எல்லையைத் தாண்டினால் பென்சில்வேனியா, விடுதலை. தெற்கே விற்றால் மிசிசிப்பி, பருத்திக் காடு. 1808-ல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்குவது தடைசெய்யப்பட்ட பிறகு உள்நாட்டு வியாபாரம் கொழுத்தது. மேல்தெற்கிலிருந்து கீழ்த்தெற்குக்கு விற்கப்பட்டும் கொண்டுசெல்லப்பட்டும் போனவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நாவலில் ஆலிஸின் புருஷன் ஐசக் அடிமை. ஓடிப்போய்ப் பிடிபட்டதும் அவன் காதுகளை அறுத்து மிசிசிப்பிக்கு விற்றுவிடுகிறார்கள். அவன் கதை அத்தோடு முடிகிறது. அப்புறம் அவனுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

ஃபிரெடரிக் டக்ளஸ் பிறந்ததும் இதே கிழக்குக் கரையில், டால்பட் கவுண்டியில்தான். அதற்கு அடுத்த கவுண்டியில் பிறந்தவர் ஹாரியட் டப்மன். டக்ளஸ் 1845-ல் எழுதிய சுயசரிதையில் தன் பிறந்த தேதி தனக்குத் தெரியாது என்று சொல்கிறார். கடைசிவரை அவருக்கு அது சரியாகத் தெரியவில்லை. அவர் 1895-ல் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, அவருடைய ஆண்டை ஏரன் அந்தோணியின் கணக்குப் புத்தகத்தை ஆராய்ந்தபோதுதான் 1818 பிப்ரவரி என்று தெரிந்தது. உலகமே கேட்டு அதிர்ந்த ஒரு பேச்சாளனின் பிறப்பு, ஆண்டையின் சொத்துக் கணக்கில்தான் எழுதியிருந்தது. நம்மைப் பற்றி எழுதிவைத்தவன் யார், எதற்காக எழுதினான் என்ற கேள்வி இங்கே வந்து நிற்கிறது.

நாவலில் மனசைக் கீறுகிற இடம் ஆலிஸ். அவள் சுதந்திரமாகப் பிறந்தவள். அடிமைக்கு ஓட உதவினாள் என்று சுதந்திரத்தைப் பறிகொடுக்கிறாள். நாய்க்கடியும் சவுக்கடியுமாகக் கிடந்தவளை ரூஃபஸ் விலைக்கு வாங்குகிறான். அவளை அடைய அவனுக்கு டானாவின் உதவி வேண்டும். நீ பேசி அனுப்பு, இல்லையென்றால் அடித்து இழுத்துவருவேன் என்கிறான். டானா போய் ஆலிஸிடம் பேசுகிறாள். போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முடிவு உன்னுடையது என்கிறாள். ஆனால் ஆலிஸ் போனால்தான் ஹேகார் பிறப்பாள், ஹேகார் பிறந்தால்தான் டானா. தன் வம்சம் உண்டாவதற்குத் தன் பாட்டி சீரழிக்கப்பட வேண்டும் என்று ஒரு பேத்தி காத்திருக்கிறாள். இதைவிடக் கொடுமையான இடத்தில் ஒரு வாசகரை நிறுத்த முடியாது.

இதற்குச் சட்டமும் இருந்தது. வர்ஜீனியாவில் 1662-லேயே பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும் என்று சட்டம் போட்டார்கள். அடிமைப் பெண்ணுக்கு ஆண்டை மூலம் பிறந்த பிள்ளையும் ஆண்டைக்கு அடிமை. இந்த விதி பின்னாளில் அடிமை மாநிலங்கள் எங்கும் நடைமுறையானது. ஆண்டை தன் இச்சையைத் தீர்த்துக்கொண்டால் அவன் சொத்தும் பெருகும். ஆகவே ஆலிஸின் பிள்ளைகள் ஜோவும் ஹேகாரும் சொந்த அப்பனுக்கே சொத்து. அந்தப் பிள்ளைகளை விற்றுவிட்டதாக ரூஃபஸ் பொய் சொல்லி அவளைத் தண்டிக்கும்போது ஆலிஸ் தூக்குப் போட்டுக்கொள்கிறாள்.

நம்ம பக்கத்திலும் பண்ணையார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் களத்துமேட்டிலும் நடந்தவற்றைப் பற்றி நம்ம கிழவிகள் வாய் திறந்ததில்லை. வம்சாவளி பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒட்டிவைத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். வேரைத் தோண்டப் போனால் மன்னனும் கவிஞனும் மட்டும் கிடைப்பார்கள் என்று இல்லை. சீரழிக்கப்பட்ட ஒரு பொம்பளையும், அவளைச் சீரழித்தவனும் கிடைப்பான். அவன் இரத்தமும் நம் உடம்பில் ஓடும். இதை மறைக்காமல் சொல்லும் துணிச்சல் முதலில் பெண்களிடமிருந்துதான் வருகிறது.

அடுத்து சேரா. வேலின் வீட்டுச் சமையல்காரி. அவள் பிள்ளைகளை எஜமானி புது மேசை நாற்காலி, பீங்கான் பாத்திரம் வாங்குவதற்காகப் புருஷனை விட்டு விற்க வைத்துவிட்டாள். வாய் பேசாத ஒரே மகள் கேரியை மட்டும் விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அவளுக்கு விலை போகாது. அந்த மகளுக்காகச் சேரா பணிந்து போகிறாள். ஓடிப்போகும் பேச்சையே கேட்கமாட்டேன் என்கிறாள். 1960-களின் போராளிகள் கேவலமாகப் பார்த்த 'மாமி' இவள்தான் என்று டானா நினைக்கிறாள். ஆனால் சில மாதங்களில், சவுக்கடி பட்ட பிறகு, டானாவும் அடிபணிகிறாள். அடிமையாவதற்கு எவ்வளவு சீக்கிரம் பழக்க முடியும் என்று அவளே ஆச்சரியப்படுகிறாள். இருபதாம் நூற்றாண்டுப் படிப்பு, தன்மானம், எழுத்து எல்லாம் இருந்தும் அவளால் தாங்க முடியவில்லை. சேரா ஆயுசு முழுக்கத் தாங்கினாள். அந்தக் கல்லூரிப் பையனுக்குப் பட்லர் சொன்ன பதில் இதுதான். கிழடுகள் கைகட்டி நின்றதால்தான் நீ கைவீசி நடக்கிறாய்.

இங்கே 'மீட்பு' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். நாவலில் மீட்கப்படுவது யார்? சின்னப் பையனாக இருக்கும்போதே ரூஃபஸைத் திருத்திவிடலாம் என்று டானா நம்புகிறாள். அவனுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறாள், 'நிகர்' என்று சொல்லாதே என்று கண்டிக்கிறாள். அவனும் அவளிடம் ஒட்டிக்கொள்கிறான். வளர்ந்ததும் அப்பனைப் போலவே ஆண்டையாகிறான். கெட்டவன் என்பதால் இல்லை. ஆண்டையாக இருக்கச் சட்டமும் சொத்தும் அவனுக்கு வழிவிட்டன. தனிமனிதன் மனம் மாறினால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த நாவல் இடமே தரவில்லை. ஹேகார் பிறந்தபிறகு, தன்மீதே அவன் கை வைக்கும்போது, டானா கத்தியால் குத்திக் கொல்கிறாள். மீட்கப்படுவது ஆண்டையின் ஆத்மா அல்ல. கோழை, துரோகி, தாசி என்று பேர் வாங்கிய சேராவும் ஆலிஸும்தான்.

1976-ல் வந்த அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நமக்கு நன்றாகத் தெரியும். தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று படித்து அழுதிருக்கிறோம். அது ஆப்பிரிக்க கிராமத்தில் சுதந்திரமாகப் பிறந்த குண்டா கிண்டேயிலிருந்து தொடங்குகிறது. தொடக்கம் தூய்மையாக, கம்பீரமாக இருக்கிறது. அந்தக் குடும்ப வரலாற்றின் பல கண்ணிகள் ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் அந்தப் புத்தகமும் 1977-ல் வந்த தொலைக்காட்சித் தொடரும் லட்சக்கணக்கான கறுப்பர்களைத் தங்கள் வேரைத் தேட வைத்தன. அதன் பலனை மறுக்க முடியாது.

நம்மிடமும் இந்த இரண்டு வழியும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' இதழில் இந்திரர் தேச சரித்திரத்தை எழுதினார். நம்மைத் தாழ்ந்தவர் என்கிறாய், நாங்கள் பூர்வ பௌத்தர்கள், தாழ்த்தப்பட்டவர்கள் என்றார். அம்பேத்கர் 1948-ல் 'தீண்டப்படாதார்' நூலில் சிதறடிக்கப்பட்ட மக்கள் என்ற கோட்பாட்டை வைத்தார். அந்த நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கினார். ஆதாரச் சங்கிலியில் கண்ணி விடுபட்டிருந்தால் வரலாற்றாசிரியன் கற்பனையையும் உள்ளுணர்வையும் கொண்டு அதை இணைக்கலாம் என்று முன்னுரையிலேயே வாதாடினார். ஆவணத்தை எழுதியவன் எதிரியாக இருக்கும்போது, ஆவணம் இல்லாததையே நமக்கு எதிரான சாட்சியாக்க விடமாட்டேன் என்பதே அதன் பொருள். பட்லரும் அதைத்தான் செய்தார். ஆனால் அவர் கற்பனை பொற்காலத்தை நோக்கிப் போகவில்லை. அடிபட்ட காலத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. ஒன்றை வைத்து இன்னொன்றை மறுக்க வேண்டியதில்லை. தலை நிமிர அயோத்திதாசர் வேண்டும். குனிந்து நின்றவர்களைக் கேவலப்படுத்தாமல் இருக்க பட்லரின் வழியும் வேண்டும்.

நம் சுவர் எங்கே இருக்கிறது? சோழர் காலக் கல்வெட்டில் பஞ்சத்தில் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அடிமை ஓலைகளில் விற்றவனும் வாங்கியவனும் விற்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் இவற்றைத் தேடி எழுதியிருக்கிறார்கள். 1819-ல் சென்னை ரெவின்யூ போர்டு மாவட்டந்தோறும் அடிமை முறை பற்றிக் கேட்டு எழுதிவைத்தது. 1843-ஆம் வருஷத்து ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்றது, ஆனால் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தபிறகே அது குற்றமானது. அதே 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் இறங்கியது. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர், பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க ஆண்டை பேரை அழித்துவிட்டு நிறத்தை எழுதினான். இங்கே கப்பல் ஏற்றியவன் பேரையும் எழுதினான், பக்கத்திலேயே 'பறையன்' என்றும் எழுதினான். இன்றைக்கு டர்பனில் வேர் தேடுகிற பேரனுக்கு அந்தப் பட்டியல்தான் வழி. அவமானத்துக்கென்று எழுதப்பட்ட காகிதத்தைப் பேரன் புரட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊரிலேயே தங்கிப் பண்ணையில் கிடந்தவனுக்கு அந்தக் காகிதமும் இல்லை.

விடுதலைக்குப் பிறகு கறுப்பர்கள் செய்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். என் அம்மா பேர் இது, இன்ன ஆண்டையிடம் இருந்தோம், இன்ன வருஷம் இன்னாருக்கு விற்றார்கள், எங்கேயாவது பார்த்தால் சொல்லுங்கள் என்று. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு திருச்சபைப் பத்திரிகை இதற்கென்றே 'தொலைந்த சொந்தங்கள்' என்ற பகுதியைப் பல வருஷம் நடத்தியது. பாதிரியார்கள் ஞாயிறு வழிபாட்டில் அதை வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சனம் காதால் கேட்டுத் தேடியது. வரலாறு எழுதுவது பல்கலைக்கழகத்தான் வேலை என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நம்ம சேரியில் எண்பது வயசுக் கிழவி ஒருத்தி உயிரோடு இருந்தால், அவளுக்குத் தெரிந்த பேர்களை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள நமக்கு மட்டும் என்ன தடை?

டானா கடைசியாகத் திரும்பி வந்தது 1976 ஜூலை 4, அமெரிக்கா தன் இருநூறாவது சுதந்திர தினத்தைக் கொண்டாடிய நாள். செத்துக்கொண்டிருந்த ரூஃபஸ் அவள் இடது கையைப் பிடித்திருந்தான். அவன் பிடித்த இடம் வரைக்கும் கை வீட்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்டது. அந்தக் கை போய்விட்டது. அவளை முழுசாகத் திரும்பி வரவிட முடியவில்லை என்று பட்லர் பின்னால் சொன்னார். அடிமைமுறை யாரையும் முழுசாக விட்டுவைக்கவில்லை என்பதால்.

பிறகு டானாவும் கெவினும் மேரிலாந்துக்குப் போய்ப் பழைய காகிதங்களைத் தேடுகிறார்கள். ஒரு பத்திரிகைச் செய்தி கிடைக்கிறது. ரூஃபஸ் வேலின் தீ விபத்தில் இறந்தான் என்று போட்டிருக்கிறது. கொன்றதை மறைக்க யாரோ வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்கள், அநேகமாக நைஜல் என்கிற அடிமை. இன்னொரு செய்தி, அவனுடைய அடிமைகள் ஏலத்துக்கு. முதல் பேர், உத்தேச வயசு, தெரிந்த வேலை. சேரா அந்தப் பட்டியலில் இருக்கிறாள். நைஜலின் மூன்று பையன்களும் இருக்கிறார்கள். டானா செய்த கொலைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். நைஜலும் கேரியும் இல்லை. ஜோ, ஹேகார் என்ற இரண்டு பிள்ளைகளும் இல்லை. டானா திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறாள். பேர் இல்லாததைப் பார்த்து நாம் எத்தனையோ முறை நொந்திருக்கிறோம். அந்த ஒரு காகிதத்தில் மட்டும், பேர் இல்லை என்றால் விற்கப்படவில்லை என்று அர்த்தம். ஹேகார் பிழைத்தாள். பிழைத்தவள் பிறகு ஒரு பைபிளை வாங்கித் தன் கையாலேயே பேர்களை எழுத ஆரம்பித்தாள்.